"எஞ்சியதில்" என்றால் எதில்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் பெற்றோரும் ஆறுதலாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

தவணைப் பரீட்சை முடிந்து வினாத்தாள் திருத்தும் நாட்களில் எந்தப் பாடசாலை ஆசிரியர் அறைக்குப் போனாலும் ஒரே கதைதான். கணித ஆசிரியர் சொல்வார், "எட்டாம் தரம் வந்தும் வாய்ப்பாடு தெரியாது." தமிழ் ஆசிரியர் சொல்வார், "ஒரு பந்தியை வாசித்து என்ன விளங்கியது என்று கேட்டால் வாய் திறக்காது." இரண்டு பேரும் பேசுவது ஒரே பிள்ளையைப் பற்றி. ஆனால் அந்த இரண்டு குறையையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை. மணி அடித்ததும் ஒருவர் வகுப்பை விட்டு வெளியே வருகிறார், மற்றவர் உள்ளே போகிறார்.

எங்கள் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லி விடுகிறோம். தரம் 6 முதல் 9 வரை கணிதத்தில் பின்தங்கும் பிள்ளைகள் பலர் முதலில் இடறுவது வினாவை வாசிக்கும் இடத்தில். அந்த இடத்தில் கைகொடுக்கும் செயற்பாடு எங்கள் வகுப்பறைகளில் மிகக் குறைவு. கணித ஆசிரியர் அதைத் தமிழ்ப் பாடத்தின் வேலை என்று நினைக்கிறார். தமிழ் ஆசிரியருக்கோ இலக்கமும் அட்டவணையும் உள்ள பந்தி என்றால் அது தன் பாடமே இல்லை. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, புத்தகக் கண்காட்சி எல்லாம் நடக்கும். ஒரு கணக்கை வாசிப்பதும் வாசிப்புத்தான் என்று அந்த மாதத்தில்கூட யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஒருவர் தனது காணியில் 1/4 ஐ மகனுக்கும், எஞ்சியதில் 2/3 ஐ மகளுக்கும் கொடுத்துவிட்டு, மீதி 20 பேர்ச்சைப் பள்ளிவாசலுக்கு வக்பு செய்தார். முழுக் காணி எவ்வளவு?

ஓ.எல். வினாத்தாள் பார்த்தவர்களுக்கு இந்த "எஞ்சியதில்" நல்ல பழக்கமான சொல். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 1/4 ஐயும் 2/3 ஐயும் கூட்டுவார்கள். 11/12 வரும். மீதி 1/12. அது 20 பேர்ச் என்றால் முழுக் காணி 240 பேர்ச். பின்னக் கூட்டல் சரி, பொதுப் பகுதி சரி, பெருக்கல் சரி. ஒன்றரை ஏக்கர் என்று விடை எழுதிவிட்டுச் சந்தோசமாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

உண்மையில் அந்தக் காணி 80 பேர்ச், அரை ஏக்கர். மகனுக்கு 1/4 போக எஞ்சியது 3/4. அதில் மூன்றில் இரண்டு மகளுக்கு. பள்ளிவாசலுக்கு வருவது 3/4 இல் மூன்றில் ஒன்று, அதாவது முழுக் காணியில் 1/4. ஒரு சொல்லை விட்டுவிட்டு வாசித்ததில் காணி மூன்று மடங்காகிவிட்டது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது பின்னக் கூட்டல் கொடுத்தால் திருந்துமா? கூட்டல் அதற்கு ஏற்கனவே நன்றாகத் தெரியுமே. "எஞ்சியதில் என்றால் எதில்?" என்று ஒரு தரம் கேட்டு, ஒரு நீள்சதுரம் கீறி நான்காகப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு பெட்டி மகனுக்கு. இருப்பது மூன்று பெட்டி. அதில் இரண்டு மகளுக்கு. ஒன்று மிச்சம். எழுத்துக் கணக்கே தேவைப்படாது.

அவுஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற கல்வியியலாளர் 1977 இல் இதைத்தான் ஒழுங்குபடுத்திச் சொன்னார். வசனக் கணக்குச் செய்யும் பிள்ளை ஐந்து படி ஏற வேண்டும். வினாவை வாசிக்க வேண்டும், அது கேட்பதை விளங்க வேண்டும், எந்தக் கணிதச் செய்கை என்று தீர்மானிக்க வேண்டும், அதைப் பிழையில்லாமல் செய்ய வேண்டும், கடைசியில் கேட்ட வடிவத்தில் விடையை எழுத வேண்டும். நாங்கள் சிவப்புப் பேனையால் பிழை போடுவது நாலாவது படியைப் பார்த்து. பிள்ளை விழுந்தது இரண்டாவதிலா மூன்றாவதிலா என்பது கொப்பியில் தெரியாது. பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சத்தமாக வாசி. இது என்ன கேட்குது? எப்பிடிச் செய்யப் போறாய்? செய்து காட்டு. இப்ப விடையச் சொல்லு" என்று ஐந்து கேள்வி கேட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லோரையும் இப்படிக் கேட்க ஏலாதுதான். ஒரு பாடவேளைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் ஒரு தவணைக்குள் முடியும்.

சரி, பிள்ளைகள் ஏன் வாசிக்காமல் கணக்குச் செய்கிறார்கள்? நாங்களே அப்படிப் பழக்கி விட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், அதிலும் டியூஷன் வகுப்புகள். "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, ஒவ்வொன்றும் என்று வந்தால் பெருக்கு." கேட்க இலேசாக இருக்கும். இப்போது இதைக் கொடுங்கள்: "ஸாரா தங்கைக்கு 5 மாபிள் கொடுத்தாள். அவளிடம் 12 மாபிள் மீதி இருக்கிறது. ஆரம்பத்தில் எத்தனை இருந்தது?" மீதி என்ற சொல்லைக் கண்டதும் 7 என்று எழுதும் பிள்ளைகள் தரம் 7 இலும் உண்டு. குறுக்கு வழி படித்த பிள்ளை சொல்லைத் தேடுகிறது, கதையை வாசிப்பதில்லை.

1980 அளவில் பிரான்சின் கிறெனோபிள் நகரில் ஒரு விளையாட்டுப் போலச் செய்து பார்த்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குச் செய்து வயது சொன்னார்கள். நம்பாதவர்கள் நாளைக்கே உங்கள் வகுப்பில் "ஒரு லொறியில் 40 மூடை நெல்லும் 12 மூடை உரமும் இருக்கின்றன. சாரதிக்கு எத்தனை வயது?" என்று கேட்டுப் பாருங்கள். 52 என்று பதில் வரும். 52 வயதுச் சாரதிமார் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருப்பதால் விடையில் சந்தேகமும் வராது. சிரிக்கலாம். ஆனால் கணிதப் பாடம் என்றால் விளங்கத் தேவையில்லை, எண்களை எடுத்து ஏதாவது செய்தால் போதும் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

இதற்கு நாங்கள் கண்ட நல்ல மருந்து எண்ணை மறைப்பது. கரும்பலகையில் கணக்கை எண் இல்லாமல் எழுதுங்கள். "ஒருவர் தனது காணியில் ஒரு பகுதியை மகனுக்கும், எஞ்சியதில் ஒரு பகுதியை மகளுக்கும் கொடுத்துவிட்டு, மீதியைப் பள்ளிவாசலுக்கு வக்பு செய்தார்." கேள்வியும் எழுத வேண்டாம். முதலில், என்ன நடந்தது என்று சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் பேசுவது போலவே பேசட்டும், செந்தமிழ் வேண்டாம். இரண்டாவது, இதில் என்னென்ன கேள்வி கேட்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். மூன்றாவதாகத்தான் எண்ணை எழுத வேண்டும். "இத கூட்டுறயா கழிக்கிறயா சேர்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தப் பாடவேளையில் அதைக் கேட்க இடமே இருக்காது, கூட்டுவதற்கு ஒன்றுமில்லையே! முதல் இரண்டு தரம் வகுப்பு அந்தரப்படும். மூன்றாம் தரம் பின்வாங்கில் இருந்து கை உயரும். கணிதத்தில் ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளைகள் காணிக் கதை பேசுவார்கள்.

இனித் தமிழ் ஆசிரியர்களிடம் ஒரு கதை. வேற்றுமை உருபு படிப்பிக்கிறோம். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். பரீட்சையில் "மூன்றாம் வேற்றுமை உருபு எது?" என்று வரும். சரி, அந்த உருபுக்கு உயிர் இருக்கிற இடம் எது?

"பாண் விலை 10 ரூபாவால் குறைந்தது."
"பாண் விலை 10 ரூபாவாகக் குறைந்தது."

இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! இரண்டாவது நடந்தால் நாடே பேக்கரிக்கு முன்னால் வரிசையில் நிற்கும். முதலாவதில் 10 ரூபா மாற்றம், இரண்டாவதில் 10 ரூபா முடிவு. இந்த "ஆல்" – "ஆக" வித்தியாசத்தைக் காட்டாமல் சதவீத அதிகரிப்பு, குறைப்பு என்று கணித ஆசிரியர் எவ்வளவு படிப்பித்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்த மாதிரித்தான். "12 ஐ 3 ஆல் வகுக்க", "3 ஆல் 12 ஐ வகுக்க" இரண்டும் ஒன்றுதான். தமிழில் சொல்லின் ஒழுங்கு மாறலாம், பொருளைப் பிடித்து வைத்திருப்பது உருபு. ஆனால் பிள்ளை முன்னுக்கு வருகிற எண்ணை முன்னுக்கு எழுதிவிடும். "7 ஐ 20 இலிருந்து கழிக்க" என்றால் 7 − 20 என்று எழுதிவிட்டுத் திருதிருவென்று முழிக்கும். "முறையே", "தவிர்ந்த", "குறைந்தபட்சம்", "இரு மடங்கிலும் 3 கூடியது" எல்லாம் இதே ரகம். வீட்டில் வாப்பாவும் உம்மாவும் பேசாத சொற்கள் இவை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. பாலம் போட வேண்டியது இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து.

தமிழ்ப் பாடத்தில் எரிபொருள் விலைத் திருத்தச் செய்தியை வாசிக்கக் கொடுங்கள். மாத முடிவில் வருவதுதான். "இத்தனை ரூபாவால் குறைக்கப்பட்டுள்ளது, புதிய விலை இத்தனை ரூபா" என்று இருக்கும். பழைய விலை செய்தியில் இருக்காது. அதைக் கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பந்தி எழுதட்டும். வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றும் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.

பொடியன்மாருக்குக் கிரிக்கெட் இருக்கவே இருக்கிறது (பிள்ளையள் சிலரும் அவங்களுக்குக் குறைவில்லை). 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியா 241. இலங்கை 46.2 ஓவரில் 3 விக்கெட் இழப்புக்கு 245. ஓட்ட வீதம் என்ன? 245 ஐ 46.2 ஆல் வகுத்தால் 5.30 வரும். பிழை. 46.2 என்று எழுதியிருந்தாலும் அது தசமம் இல்லை. 46 ஓவரும் 2 பந்தும், அதாவது 278 பந்து. சரியான விடை 5.29 ஓட்டம். தசமப் புள்ளி போல ஒரு புள்ளி இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் 6 வந்ததும் அடுத்த ஓவர். இதை ஒரு பிள்ளை பிடித்துவிட்டால் தசமம் என்றால் என்ன என்பதும் கூடவே பிடிபட்டுவிடும். மீதி எத்தனை பந்து இருந்தது என்று கேட்டால் கத்திச் சொல்வார்கள்: 22!

இன்னொன்று, எங்கள் பாடசாலைகளுக்கு மட்டும் உள்ள வசதி. இஸ்லாம் பாடத்தில் பராயிழ் பற்றிப் பேசுகிறோம், அந்தப் பங்குகளைக் கணித வகுப்புக்குக் கொண்டு வருவதில்லை. ஒருவர் மௌத்தாகிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மனைவிக்கு 1/8. எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும் 2:1. காணி 48 பேர்ச். மனைவிக்கு 6, மகனுக்கு 28, மகளுக்கு 14. பாருங்கள், மறுபடியும் "எஞ்சியது"! அதற்கு முதல் வாசிக்க வேண்டிய நிபந்தனையும் இருக்கிறது. மையித்துச் செலவு, கடன், வஸிய்யத் இவற்றைக் கழித்த பிறகுதான் பங்கு. அந்த வசனத்தை வாசிக்காமல் பங்கு பிரித்தால் கணக்கு மட்டுமல்ல, ஹக்கும் பிழைத்துவிடும். அட்சரகணிதத்துக்கு 'அல்ஜிப்ரா' என்ற பெயர் கிடைக்கக் காரணமான அல்-குவாரிஸ்மியின் நூலில் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள்தான் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கண் விரியும். (எங்கள் கிழக்கில் வீடும் வளவும் மகளுக்கே போய்விடுவது வேறு கதை. தரம் 9 பிள்ளைகள் அதையும் கேட்பார்கள், தயாராக இருங்கள்.) ஒரு கவனம். வாப்பா இல்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தக் கணக்கை அன்று எடுக்க வேண்டாம், ஸகாத் கணக்கு எடுங்கள். நாற்பதில் ஒன்று என்பதும் 2.5% என்பதும் ஒன்றா என்று கேட்டாலே ஒரு பாடவேளை போய்விடும்.

"செயற்பாடு" என்ற சொல்லைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2007 இல் தரம் 6 இலும் 10 இலும் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் 5ஈ முறையும் வந்ததிலிருந்து இந்தச் சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் நடைமுறையில் செயற்பாடு என்றால் டிமைத் தாள், பிறிஸ்டல் போட், கலர் பேனை என்று ஆகிவிட்டது. குழுவுக்கு ஒரு டிமை, நன்றாக எழுதும் ஒரு பிள்ளை எழுதும், நன்றாகப் பேசும் ஒரு பிள்ளை முன்னுக்கு வந்து வாசிக்கும், மற்ற ஆறு பேர் டிமையின் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேற்பார்வைக்கு வருபவர்களுக்கும் சுவரில் தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு பிள்ளை "எஞ்சியதில்" என்பதை விளங்கிக்கொண்டது தெரிவதில்லை. 2022 இற்குப் பிறகு கடதாசி விற்கும் விலைக்கு ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் இரண்டு பிள்ளைக்கு டிமை வாங்கிக் கொடுப்பது இலேசான காரியமும் இல்லை. மேலே சொன்ன எதற்கும் வெண்கட்டியையும் கொப்பியையும் தவிர ஒன்றும் தேவைப்படாது.

"இதெல்லாம் செய்தால் பாடத்திட்டம் எப்படி முடியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடவேளையில் பிள்ளைகள் அடங்கி அமரவே ஐந்து நிமிடம். ஆனால் ஒரு கணக்கை ஆறுதலாக வாசித்துச் செய்தால் அன்றைக்குப் பத்துக் கணக்குக்குப் பதிலாக மூன்று கணக்குத்தான் முடியும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். மற்ற ஏழும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் இறக்குகிற ஏழுதானே. கிழமைக்கு ஒரு பாடவேளை, அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. அதிபர் மனம் வைத்தால் நேரசூசியில் தமிழும் கணிதமும் அடுத்தடுத்து வரும் ஒரு நாளைப் பார்த்து, இரண்டு ஆசிரியர்களும் ஒரே பந்தியை எடுக்கலாம்.

ஓ.எல். கணிதத்தில் சித்தி இல்லையென்றால் உயர்தரத்துக்குப் போகும் பாதை எவ்வளவு ஒடுங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அரச வேலை விண்ணப்பங்களில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி கேட்கிறார்கள். ஆண் பிள்ளை கடைக்கோ வெளிநாட்டுக்கோ போகும். பெண் பிள்ளைக்கு "கணக்குப் பெயில்தானே, இனி என்ன படிப்பு" என்று வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். பதினாறு வயதில் அந்தப் பேச்சு வீட்டுக்குள் வருவதற்கு, தரம் 7 இல் ஒரு சொல் விளங்காமல் போனதும் ஒரு காரணம் என்றால் நம்புவார்களா? எங்களுக்கு அப்படிப் பல முகங்கள் ஞாபகம் வருகின்றன.

கடைசியாகப் பெற்றோருக்கு. அடுத்த கிழமை தரம் 8 பிள்ளைகள் வீட்டு மின்பட்டியல் கேட்டு வருவார்கள், இன்ஷா அல்லாஹ். அதில் "மானி வாசிப்பு" என்று இருக்கிறது, அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம். முந்தியதையும் பிந்தியதையும் கழித்து அலகைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு 30 நாளுக்கு 60 அலகுக்குள் நின்ற வீட்டுக்கும் 61 ஆன வீட்டுக்கும் பட்டியல் ஏன் அவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று கணித்துப் பார்ப்பார்கள். கடைசி ஓர் அலகுக்கு மட்டும்தான் விலை கூடுகிறது என்று பெரியவர்களே நினைக்கிறோம். அப்படியில்லை, 60 ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு வீதம், நிலையான கட்டணமும் வேறு. பெயர், கணக்கிலக்கம், நிலுவைத் தொகை உள்ள பகுதிகளை மடித்து ஒட்டிவிட்டுக் கொடுங்கள், யார் வீட்டுக் கடனும் வகுப்புக்குத் தெரிய வேண்டாம். பட்டியல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எங்களிடம் மேலதிகமாக இருக்கிறது. பின்னேரம் பிள்ளை வந்து "உம்மா, மோட்டரக் குறைச்சுப் போடுங்க" என்று சொன்னால், எத்தனை அலகு குறையும் என்று திருப்பிக் கேளுங்கள்.